ஆடாத ஆட்டத்துக்கு ஹைஸ்மன்: ஆர்ச் மேனிங் சண்டையில் யார் பக்கம் நியாயம்?

கேள்வி: என் மகன் ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறான். போன் செய்தால் பாதி நேரம் அந்தக் கல்லூரி ஃபுட்பால் அணியின் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங் புராணம்தான். இந்த வருஷம் ஹைஸ்மன் விருது அவருக்குத்தான் என்கிறான். அறைத்தோழனோ, "தாத்தா பேரையும் சித்தப்பாக்கள் பேரையும் எடுத்துவிட்டால் அவரிடம் என்ன மிச்சம்?" என்று மல்லுக்கு நிற்கிறானாம். 2026 சீசனே இன்னும் தொடங்கவில்லை. ஆடாத ஆட்டத்துக்கு எப்படி விருது பேசுகிறார்கள்? இரண்டு பேரில் யார் சொல்வது சரி? அப்புறம், 16-ஆம் எண் சட்டை ஒன்று வேண்டும் என்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்:

சட்டையைக் கடைசியில் பார்ப்போம். நான் டெக்சஸில் குடியிருப்பவன், சனிக்கிழமை ஆனால் டிவி முன்னால் உட்காருபவன். அதனால் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், இது நம் ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்து ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஃபுட்பால். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்கு வரும். மூன்று நான்கு விநாடிக்குள் யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது, தானே ஓடுவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். எதிரில் நூற்றிருபது கிலோவுக்கு மேல் இருக்கும் நாலு பேர் அவரைத் தரையில் சாய்க்க ஓடி வந்துகொண்டிருப்பார்கள். அணி ஜெயித்தால் புகழ் அவருக்கு, தோற்றால் திட்டும் அவருக்குத்தான்.

கல்லூரி அளவில் அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுப்பது ஹைஸ்மன் கோப்பை. 1935-இல் தொடங்கியது. பேருக்கு எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொது. நடைமுறையில் குவார்ட்டர்பேக் விருது என்றே சொல்லிவிடலாம். 2000 முதல் 2025 வரை கொடுத்த 26 விருதுகளில் 21 அவர்களுக்கே போயிருக்கின்றன. எனவே பெரிய அணி ஒன்றுக்குப் புதிதாக ஒரு குவார்ட்டர்பேக் வந்தால், அவர் பெயரும் ஹைஸ்மன் பெயரும் ஒரே மூச்சில் வருவதில் ஆச்சரியம் இல்லை.

ஆடாத ஆட்டத்துக்கு எப்படிப் பேச முடியும் என்று கேட்டீர்கள். பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைப்பது போலத்தான் தெரியும். ஆனால் ஓட்டுப் போடும் முறையைப் பார்த்தால் அதிலும் ஒரு கணக்கு இருப்பது புரியும். நாட்டை ஆறு மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு 145 பேர் வீதம் 870 பத்திரிகை, டிவி, வானொலிக்காரர்களுக்கு ஓட்டு. இதற்கு முன் விருது வாங்கி உயிரோடு இருப்பவர்களுக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு. ரசிகர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஓர் ஓட்டு. ஆளுக்கு மூன்று பெயர் எழுத வேண்டும். முதல் பெயருக்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, மூன்றாவதற்கு 1.

உயர் பிரிவில் இருப்பவை 130-க்கு மேற்பட்ட அணிகள். எல்லாம் பெரும்பாலும் சனிக்கிழமைதான் ஆடும். அந்த 870 பேரில் பலர் தங்கள் ஊர் அணி மைதானத்திலேயே வேலையாக உட்கார்ந்திருப்பார்கள். மற்ற ஆட்டங்களை அவர்கள் பார்ப்பது ராத்திரி வரும் துண்டுக் காட்சிகளில்தான். ஆகவே ஆகஸ்ட்டிலேயே தலையில் பதிந்துவிட்ட பெயருக்கு ஒரு வசதி உண்டு. அவர் ஆட்டத்தை எல்லோரும் பார்ப்பார்கள். பதியாத பெயர், அக்டோபரில் ஏதாவது அதகளம் செய்தால்தான் கண்ணில் படும்.

கல்லூரிகளுக்கு இது ஐம்பது அறுபது வருடமாகவே தெரியும். 1970-இல் நோட்டர் டேம் கல்லூரியின் குவார்ட்டர்பேக் ஜோ. குடும்பப் பெயர் தீஸ்மன். கல்லூரியின் விளம்பரப் பொறுப்பாளர் யோசித்தார்: எழுத்தை மாற்ற வேண்டாம், உச்சரிப்பை மட்டும் "தைஸ்மன்" ஆக்கினால் "ஹைஸ்மன்" என்பதோடு எதுகையாக ஒலிக்குமே! ஆக்கியும் விட்டார்கள். அந்த வருடம் அவருக்கு இரண்டாம் இடம்தான் கிடைத்தது. விருது ஸ்டான்ஃபோர்டின் ஜிம் பிளங்கெட்டுக்குப் போனது. ஆனால் ஜோ அன்றிலிருந்து இன்றுவரை தைஸ்மன்தான். கோப்பையும் வரவில்லை, சொந்த உச்சரிப்பும் போயிற்று.

2001-இல் ஆரிகன் பல்கலைக்கழகம் தன் குவார்ட்டர்பேக் ஜோயி ஹாரிங்டனுக்காக நியூயார்க் மன்ஹாட்டனில் பத்து மாடி உயரத்துக்குப் பேனர் வைத்தது. செலவு இரண்டரை லட்சம் டாலர். அவர் நான்காம் இடம் வந்தார். நம் ஊர் கட்அவுட் கலாசாரத்துக்கு இவர்கள் சளைத்தவர்கள் இல்லை.

1990-இல் பிரிகம் யங் பல்கலைக்கழகம் டை டெட்மர் என்ற குவார்ட்டர்பேக்குக்காக, பெயரை வைத்து, காகிதத்தில் கழுத்து டை செய்து ஓட்டுப் போடுபவர்களுக்குத் தபாலில் அனுப்பியது. அவர் ஜெயித்துவிட்டார். டையால் என்று சொல்ல மாட்டேன். செப்டம்பர் தொடக்கத்திலேயே நாட்டின் முதலிடத்தில் இருந்த மயாமியை 28-21 என்று வீழ்த்தியதால் ஜெயித்தார். டை செய்த வேலை, அந்த ஆட்டத்தின் போது நாலு பேரை அவர் பக்கம் திரும்ப வைத்தது மட்டும்தான். விருது அறிவித்த அதே நாளில் ஹவாய் அணியிடம் 59-28 என்று உதை வாங்கினார்கள் என்பது தனிக் கதை. ஓட்டுப் பெட்டி அதற்குள் மூடியாகிவிட்டது.

சரி, ஆர்ச் மேனிங் விஷயத்துக்கு வருவோம். அறைத்தோழன் தாத்தா, சித்தப்பா என்கிறானே, அந்தக் குடும்பத்துக்கும் இந்த விருதுக்கும் உள்ள உறவு உங்கள் பையனுக்கே முழுசாகத் தெரியுமா என்று கேளுங்கள்.

தாத்தா ஆர்ச்சி மேனிங், மிசிசிப்பி பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக். 1969-இல் ஹைஸ்மன் ஓட்டில் நான்காம் இடம். 1970-இல் பெரிய எதிர்பார்ப்போடு தொடங்கினார். நடுவில் கை உடைந்தது, மூன்றாம் இடம். அந்த வருடம் அவருக்கு முன்னால் இருந்தவர்கள் பிளங்கெட்டும், மேலே சொன்ன தைஸ்மனும். ஆர்ச்சிக்கு மூன்று பையன்கள். மூத்தவர் கூப்பர், ஆர்ச்சின் அப்பா. எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர் அவர். கல்லூரியில் ஆட வேண்டிய வயதில் முதுகெலும்புக் கோளாறு கண்டுபிடித்து, ஆட்டத்தையே விட வேண்டி வந்தது. அடுத்தவர் பெய்டன், கடைக்குட்டி ஈலை, இருவரும் குவார்ட்டர்பேக்.

பெய்டன் ஆடியது டென்னசி பல்கலைக்கழகத்துக்கு. அவருடைய 1997-ஐ டென்னசிக்காரர்களிடம் இன்றும் சாதாரணமாகப் பேசிவிட முடியாது. தொழில்முறை லீகுக்குப் போயிருந்தால் அப்போதே கோடீஸ்வரர். போகாமல் கடைசி வருடம் படிக்கத் திரும்பி வந்தார். சீசனுக்கு முன் எல்லோர் பட்டியலிலும் முதல் பெயர். செப்டம்பரில் ஃபுளோரிடாவிடம் 33-20 என்று தோற்றார்கள். மற்றபடி நன்றாகத்தான் ஆடினார், தங்கள் வட்டார லீக் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் நவம்பர் 22 அன்று மிச்சிகனின் சார்ல்ஸ் வுட்சன் என்ற தடுப்பாட்டக்காரர், ஓஹயோ ஸ்டேட் உதைத்த பந்தை வாங்கி 78 யார்டு ஓடி டச்டவுன் வைத்தார், அதாவது எதிரி எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனார். நாடே பார்த்த ஆட்டம் அது. பெய்டன் இரண்டாம் இடம். தடுப்பாட்டமே பிரதான வேலையாக உள்ள ஒருவர் ஹைஸ்மன் வாங்கியது அதுதான் முதல் முறை. ஈலைக்கு 2003-இல் மூன்றாம் இடம்.

ஆக நான்கு, மூன்று, இரண்டு, மூன்று. குடும்பத்தில் ஒரு ஹைஸ்மன்கூட இல்லை. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கதையும் இதே மாதிரிதான். அவர்களிடம் இருக்கும் இரண்டு ஹைஸ்மன்களும், 1977-இல் எர்ல் கேம்பல், 1998-இல் ரிக்கி வில்லியம்ஸ், பந்தோடு ஓடுபவர்கள் வாங்கியவை. அந்தக் கல்லூரிக் குவார்ட்டர்பேக் ஒருவர்கூட வாங்கியதில்லை. எனக்கு இதில் இன்னும் ஆறாதது 2005. வின்ஸ் யங் டிசம்பரில் ஹைஸ்மன் ஓட்டில் இரண்டாம் இடம், விருது சதர்ன் கலிஃபோர்னியாவின் ரெஜி புஷ்ஷுக்கு. ஒரே மாதத்தில், 2006 ஜனவரி 4, அதே அணியோடு இறுதிப் போட்டி. வின்ஸ் எறிந்தது 267 யார்டு, ஓடியது 200 யார்டு. கடைசி முயற்சியில், 19 விநாடி மிச்சம் இருக்கும்போது, வலது மூலைக்கு அவரே ஓடி முடித்தார். 41-38. ஹைஸ்மன் ஓட்டு டிசம்பர் முதல் வாரத்தோடு முடிந்துவிடும் என்பதால் இதற்கெல்லாம் அதில் மதிப்பு இல்லை. ஜனவரி ஆட்டத்தையும் கணக்கில் எடுக்கும் இன்னொரு குவார்ட்டர்பேக் விருதை அந்த வருடம் வின்ஸ் வாங்கினார். அந்த விருதின் பெயர் என்ன தெரியுமா? மேனிங் விருது! ஆர்ச்சி, பெய்டன், ஈலை மூவர் பெயரிலும் வைத்தது.

இப்போது 2025. "சீசனுக்கு முன் முதல் பெயர்" என்பதன் அர்த்தம் எனக்கு விளங்கிய வருடம் அது.

2024-இல் ஆர்ச் இரண்டாவது குவார்ட்டர்பேக். முதல் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸ் செப்டம்பரில் டெக்சஸ்-சான் அன்டோனியோ ஆட்டத்தில் அடிபட்டு வெளியேற, இவர் உள்ளே வந்தார். முதல் பந்திலேயே டச்டவுன் எறிந்தார். அடுத்து தானே 67 யார்டு ஓடினார். மைதானமே எழுந்து நின்றது. அதற்குப் பிறகு இரண்டு ஆட்டங்களைத் தொடக்கத்திலிருந்து ஆடினார், இரண்டும் டெக்சஸைவிட பலம் குறைந்த அணிகள். யூவர்ஸ் திரும்பியதும் இவர் பெஞ்சுக்குப் போனார். அவ்வளவுதான் மூலதனம். அதை வைத்து 2025 ஆகஸ்ட்டில் பந்தயம் கட்டுபவர்கள் பட்டியலில் ஹைஸ்மனுக்கு முதல் பெயர் ஆர்ச், தரவரிசையில் டெக்சஸ் முதலிடம். சீசனுக்கு முன் ஏ.பி. செய்தி நிறுவனம் வெளியிடும் தரவரிசைப் பட்டியலில் டெக்சஸ் முதலிடம் வந்தது வரலாற்றிலேயே அப்போதுதான்.

ஆகஸ்ட் 30, முதல் ஆட்டம், எதிரி ஊரான கொலம்பஸில், முந்தைய வருட சாம்பியன் ஓஹயோ ஸ்டேட்டோடு. இங்கே காலை பதினொரு மணி. மூன்றாம் கால்பகுதியில் டெக்சஸ் எதிரி எல்லைக்கு ஒரு யார்டு வரை வந்துவிட்டது. பத்து யார்டு முன்னேற நாலு முயற்சிதான் உண்டு. இது நான்காவது முயற்சி, அதாவது கடைசி வாய்ப்பு. உதைத்து மூன்று புள்ளி வாங்கலாம். வேண்டாம் என்று ஆர்ச்சே பந்தோடு நடுவில் முட்டிக்கொண்டு போனார். ஒரு யார்டு என்றால் மூன்று அடி, அவர் உயரம் ஆறடிக்கு மேல். குவியலை விலக்கிப் பார்த்தால் பந்து கோட்டைத் தாண்டவில்லை. பிறகு ஓர் எறிதலை எதிரணிக்காரர் பறித்தார், அதிலிருந்து அவர்கள் டச்டவுன் வைத்தார்கள். 14-7, டெக்சஸ் தோல்வி. ஆர்ச் எறிந்த 30-இல் 17 கைசேர்ந்தன, மொத்தம் 170 யார்டு.

இதே எண்களைப் பெயர் தெரியாத ஒருவர் எடுத்திருந்தால், "சாம்பியன் அணியை அவர்கள் ஊரிலேயே கடைசி நிமிடம் வரை விரட்டினான், முதல் பெரிய ஆட்டம், பரவாயில்லை" என்று எழுதியிருப்பார்கள். ஆர்ச் என்பதால் "ஊதிய பலூன் வெடித்தது" என்றார்கள். இரண்டு வாரம் கழித்து எல் பாசோ அணியோடு சொந்த மைதானத்தில் தொடர்ந்து பத்து எறிதல்கள் தவறின. ஆட்டத்தை டெக்சஸ் 27-10 என்று ஜெயித்தது. ஆனாலும் சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். ஜெயிக்கிற ஆட்டத்தில் சொந்த ஊர்க் குவார்ட்டர்பேக்கைப் பார்த்துக் கத்துகிறார்கள் என்றால், அந்தக் கோபம் ஆட்டத்திலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆகஸ்ட்டில் அவர்களுக்குக் கொடுத்த வாக்குறுதியிலிருந்து வந்தது. அந்த வாக்குறுதியைக் கொடுத்தவர் ஆர்ச் இல்லை என்பதுதான் கொடுமை.

அக்டோபர் 4, ஃபுளோரிடாவிடம் 29-21 என்று தோல்வி. டெக்சஸ் தரவரிசையிலிருந்தே வெளியே. உங்கள் பையன் இங்கே ஒரு வாதம் வைத்திருப்பான்: குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்கும் ஐந்து பேரில் நாலு பேர் முந்தைய வருடத்தோடு போய்விட்டார்கள், புதுச் சுவர் ஓட்டையாக இருந்தது என்று. அது உண்மை. அறைத்தோழன் பதிலுக்கு, ஓட்டைச் சுவருக்குப் பின்னால் நின்று ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள் என்பான். அதுவும் உண்மைதான். அதற்கப்புறம் ஆர்ச் தேறினார் என்பதை இரண்டு பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆர்கன்சா ஆட்டத்தில் எறிந்து, ஓடி, பிடித்து என்று மூன்று வகையிலும் டச்டவுன் வைத்தார். நவம்பர் 28 அன்று, அதுவரை தோற்காத டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை 27-17 என்று வீழ்த்தினார்கள். லீக் ஆட்டங்கள் முடிவில் 9 வெற்றி, 3 தோல்வி. சுமார் 2,900 யார்டு, 24 டச்டவுன் எறிதல்கள். ஆண்டுக் கடைசியில் மிச்சிகனையும் 41-27 என்று ஜெயித்தார்கள்.

மூன்று தோல்வியால்தான் ஹைஸ்மன் போனது என்று பலர் எழுதினார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2016-இல் லமார் ஜாக்சன், 2023-இல் ஜேடன் டேனியல்ஸ், 2024-இல் டிராவிஸ் ஹன்டர், இவர்கள் ஹைஸ்மன் வாங்கியபோது எல்லோர் அணியும் 9-3 தான். ஆனால் டேனியல்ஸ் அந்த 12 ஆட்டத்தில் 40 டச்டவுன் எறிந்து, ஆயிரம் யார்டுக்கு மேல் ஓடி, ஓட்டத்தில் இன்னும் 10 வைத்தார். மூன்று தோல்வி உள்ளவர் ஜெயிக்க வேண்டுமானால் எண்கள் வாயைப் பிளக்க வைக்க வேண்டும். ஆர்ச்சின் எண்கள் நல்ல எண்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. செப்டம்பர் போனதுமே அவர் கதை முடிந்துவிட்டது. நவம்பரில் ஆடியதெல்லாம் அடுத்த வருடக் கணக்கு.

இதில் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 2025-இல் அவரோடு சேர்த்துச் சொன்ன மற்றப் பெயர்களைப் பாருங்கள். பென் ஸ்டேட்டின் ட்ரூ ஆலர்: அக்டோபரில் கணுக்கால் போய் சீசனே முடிந்தது, மறுநாள் கோச்சையும் வேலையை விட்டு அனுப்பினார்கள். கிளெம்சனின் கேட் கிளப்னிக்: அணி முதல் நாலு ஆட்டத்தில் மூன்றைத் தோற்றது. எல்.எஸ்.யு.வின் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) கேரட் நுஸ்மையர்: காயம், அங்கேயும் அக்டோபரில் கோச் வெளியே. ஆகஸ்ட்டில் பத்திரிகை அட்டைகளை நிறைத்த நாலு குவார்ட்டர்பேக்குகளில் ஒருவர்கூட டிசம்பரில் நியூயார்க்கில் நடக்கும் ஹைஸ்மன் விருது மேடைக்குப் போகவில்லை.

போய் வாங்கியவர் இண்டியானாவின் ஃபெர்னாண்டோ மென்டோசா. கலிஃபோர்னியாவிலிருந்து அப்போதுதான் மாறி வந்தவர். இண்டியானா என்றாலே கூடைப்பந்து, ஃபுட்பாலில் பல தலைமுறையாக அடிவாங்கிய கல்லூரி. இதற்கு முன் ஒரு ஹைஸ்மன்கூட அவர்களுக்கு இல்லை. நவம்பர் 8, பென் ஸ்டேட் மைதானம், இண்டியானா நாலு புள்ளி பின்னால், இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம், 80 யார்டு போக வேண்டும், டைம் அவுட் ஒன்றுகூட மிச்சமில்லை. மென்டோசா முதலில் சாய்க்கப்பட்டு பின்னால்தான் போனார். பிறகு ஒவ்வொன்றாக எறிந்து ஏழாவது யார்டுக்கு வந்தார். கடைசி எறிதல் எல்லைக் கோட்டை ஒட்டி உயரப் போனது. ஒமார் கூப்பர் பின்னாலேயே தாவி, ஒரு கால் விரலை மட்டும் கோட்டுக்குள் உரசவிட்டுப் பிடித்தார். மிச்சம் 36 விநாடி. 27-24. அந்தத் துண்டுக் காட்சியை 870 பேரில் பார்க்காதவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். டிசம்பரில் ஓஹயோ ஸ்டேட்டையும் 13-10 என்று ஜெயித்ததும் ஓட்டு எண்ணும் வேலை வெறும் சம்பிரதாயம் ஆகிவிட்டது.

இது அபூர்வமும் இல்லை. 2019-இல் ஜோ பரோவுக்கு சீசனுக்கு முன் சில இடங்களில் 200-க்கு 1 என்று பந்தய விலை. ஓட்டு முடிவதற்குள் 48 டச்டவுன் எறிந்து, விருது வரலாற்றிலேயே அதிகப் புள்ளி வித்தியாசத்தில் வாங்கினார். 2012-இல் விருது வாங்கிய ஜானி மன்ஸியல் அணியின் முதல் குவார்ட்டர்பேக் என்பதே அந்த ஆகஸ்ட்டில்தான் முடிவானது.

எதிர்ப்பக்கத்துக்கு ஸ்பென்சர் ராட்லரைச் சொல்லுவேன், ஆர்ச்சைவிடப் பாவமான கதை. 2021 ஆகஸ்ட்டில் ஹைஸ்மனுக்கு முதல் பெயர் ஓக்லஹோமாவின் ராட்லர். செப்டம்பர் கடைசியில், அணி ஒரு தோல்விகூட இல்லாமல் இருக்கும்போதே, சொந்த மைதானத்தில் "எங்களுக்குக் கேலப் வேண்டும்" என்று கோஷம். கேலப் வில்லியம்ஸ் அப்போது பதினெட்டு பத்தொன்பது வயது, முதல் வருட மாணவர், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அக்டோபர் 9, டல்லஸில் எங்கள் டெக்சஸோடு ஆட்டம். நாங்கள் 28-7 என்று முன்னால். நான்காவது முயற்சி, ஒரு யார்டு வேண்டும் என்ற இடத்தில் கோச் கேலப்பை இறக்கினார். ஒரு யார்டு கேட்டதற்கு 66 யார்டு ஓடினார். கொஞ்ச நேரத்தில் ராட்லரை உட்காரவைத்துவிட்டார்கள். ஓக்லஹோமா 55-48 என்று ஜெயித்தது. அடுத்த வருடம் ராட்லர் தென் கரோலினாவுக்குப் போனார், கேலப் கோச்சோடு சதர்ன் கலிஃபோர்னியாவுக்குப் போய் ஹைஸ்மன் வாங்கினார்.

அதற்காக முன்கணிப்பு எல்லாம் வெத்துவேட்டு என்றும் சொல்லிவிடாதீர்கள். 2014-இல் மார்க்கஸ் மரியோட்டா, 2021-இல் பிரைஸ் யங், 2022-இல் கேலப், விருது வாங்கிய இவர்கள் எல்லோரும் ஆகஸ்ட்டிலேயே முதல் நாலைந்து பெயரில் இருந்தவர்கள்தான். அந்த நாலைந்துக்குள் இருப்பது நல்லது. தனியாக முதல் பெயராக இருப்பதில்தான் சிக்கல், ஏனென்றால் அவர் எதிரணியை மட்டும் ஜெயித்தால் போதாது, தன்னைப் பற்றி மற்றவர்கள் போட்ட கற்பனையையும் ஜெயிக்க வேண்டும்.

இப்போது அறைத்தோழனுக்கு. "பேர்தான், வேறென்ன" என்பது 2025 ஆகஸ்ட்டில் முக்கால்வாசி சரி. மூன்று ஆட்டத்துக்குமேல் சரக்கு இல்லாதவரைத் தூக்கி வைத்தார்கள். 2026-க்கு அதே வாதம் செல்லாது. இப்போது ஒரு முழு சீசன் கையில் இருக்கிறது. அதில் இரண்டாவது பாதி முதல் பாதியைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் பேர் கண்ணை மறைக்கிறது என்பது இப்போதும் உண்மை. அதே எண்களோடு வேறு குடும்பப் பையன் திரும்பி வந்தால் முதல் பெயராகச் சொல்வார்களா? எட்டாவது பத்தாவதாகச் சொல்லியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

உங்கள் பையனுக்கு: "அவருக்குத்தான்" என்று அடித்துச் சொல்லாதே, ஆனால் ஆசைப்படக் காரணம் இருக்கிறது. செப்டம்பரில் ஓஹயோ ஸ்டேட் இந்த முறை ஆஸ்டினுக்கு வருகிறது. அதே அணி, அதே ஒரு யார்டு, சொந்த ஊர். அங்கே ஜெயித்தால் போன வருடத்துக் காட்சியையும் புதுக் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிசம்பர் வரை டிவியில் ஓட்டுவார்கள். ஓட்டுப் போடுபவர்களுக்கு எண்களைவிட இப்படி ஒரு கதை சுலபமாக நினைவிருக்கும். அக்டோபரில் டல்லஸில் ஓக்லஹோமா, நவம்பர் கடைசியில் ஏ அண்ட் எம். இந்த மூன்றிலும் ஜெயித்து, மற்றவற்றில் ஒன்றுக்குமேல் தோற்காமல், 40 டச்டவுனுக்குப் பக்கத்தில் எறிந்தால் வாங்குவார் என்று நானே பந்தயம் கட்டுவேன். நடக்கும் என்று கேட்டால், நாலில் ஒரு பங்குகூட நான் கொடுக்க மாட்டேன். மற்றவர்களுக்கு அதுவும் கிடையாது, அதனால்தான் அவர் முதல் பெயர். ஆகஸ்ட்டில் முதல் பெயர் என்றால் அவ்வளவுதான் அர்த்தம்: "வாங்காமல் போகவே வாய்ப்பு அதிகம், ஆனாலும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பரவாயில்லை."

போன வருடம் நான் ஆர்ச்தான் என்று அலுவலகத்தில் ஒருவரோடு மதியச் சாப்பாட்டுக்குப் பந்தயம் கட்டி, அக்டோபர் முதல் வாரமே வாங்கிக் கொடுத்துவிட்டேன். டிசம்பர் வரை இழுக்க வெட்கமாக இருந்தது.

சட்டை: வாங்கிக் கொடுங்கள். அந்தச் செங்கல் நிற ஆரஞ்சுக்கு ஆஸ்டினில் எப்போதும் மவுசு உண்டு, விருது வந்தாலும் வராவிட்டாலும் போட்டுக்கொண்டு திரியலாம். வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரிதாக எடுக்கச் சொல்லுங்கள். செப்டம்பர் வெயிலில் அந்த மைதானத்தில் நாலு மணி நேரம் உட்கார வேண்டும்.